நெமேயாவில் ஆறாவதாக வந்தவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடியில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பெரிய கற்பனைக்காரன் என்று யாரும் என்னை நம்பி ஏமாற வேண்டாம்.

நான் ஒஸ்லோவில் நிலத்தடி ரயில் ஓட்டுகிறவன். காலை ஆறு ஐம்பதுக்கு ஸ்டோவ்னர் நிலையத்தில் கதவைத் திறந்தால், மேடையோரக் கண்ணாடியில் இரண்டு தமிழ்ப் பெண்கள் தெரிவார்கள். ஒருத்தி முதல் பெட்டியில் ஏறுவாள். மற்றவள் மழையானாலும் பனியானாலும் கடைசிப் பெட்டி வரைக்கும் நடப்பாள். ஒரே கட்டடத்தில் இருந்து, ஒரே படிக்கட்டால் இறங்கி வருகிறவர்கள். ஒன்பது வருடம் இதைப் பார்த்தேன். 2008 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை இருவரும் நடுப் பெட்டியில் சேர்ந்து ஏறினார்கள். ஏறும்போது ஒருத்தி மற்றவளை முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

நான் கதவை மூட மறந்து போனேன். அரை நிமிடத் தாமதம். கட்டுப்பாட்டு அறை காரணம் கேட்டது. "தொழில்நுட்பக் கோளாறு" என்றேன்.

அந்தக் கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

(எழுதும் இடம்: வெஸ்ட்லி, கடைசி நிலையம். ரயிலைத் திருப்பிப் புறப்பட ஆறு நிமிடம் கிடைக்கும். சில வசனங்கள் பாதியில் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"கிரேக்க நாட்டில், இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், சீயஸ் கடவுளின் ஆலயத்தை அண்டி நடந்த விளையாட்டு விழாக்களில்"

வேண்டாம். பரீட்சைக்கு எழுதுவது போல இருக்கிறது.

இரண்டாவது: "மங்களேஸ்வரி தன் வாழ்நாளில் ஓடியதே இல்லை."

இது பொய். திருகோணமலையில் பிறந்த எங்கள் வயதுக்காரர் யார்தான் ஓடாமல் இருந்தோம்? ஷெல் விழும்போது ஓடினாள். சோதனைச் சாவடியில் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

மூன்றாவது: "ஐம்பத்தொரு வயதில் மங்களேஸ்வரி முதன்முறையாக, துரத்த ஒருவரும் இல்லாமல் ஓடினாள்."

இதை வைத்துக்கொள்ளலாம். (நேரில் நான் அவரை மங்களமக்கா என்றுதான் கூப்பிடுவேன். கதைக்குள் வந்தால் எல்லோரும் "அவள்" ஆகிவிடுகிறார்கள். அக்கா மன்னிக்க வேண்டும்.)

3

சண்டையைச் சொல்லாமல் ஓட்டத்தைச் சொல்ல முடியாது.

பாட்ஸ்பியோர்ட், நோர்வேயின் வடக்கு நுனியில் ஒரு மீன்பிடி ஊர். 1990 பெப்ரவரி. மீன் வெட்டும் தொழிற்சாலையில் மங்களேஸ்வரியும் மேரியம்மாவும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவளுக்கு முப்பத்துமூன்று, மேரிக்கு இருபத்தெட்டு. மேரி நாலு வெட்டில் ஒரு கொட் மீனை எலும்பு வேறு சதை வேறாக்கி விடுவாள். மங்களேஸ்வரிக்கு ஐந்து வெட்டு வேண்டும். இதை வைத்தே இருவருக்கும் நாள் முழுக்கப் பகிடி. விடுதியில் ஒரே அறை, ஒரே சட்டி.

அந்தப் பனி மாரியில் மேரி ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலை இருக்கும் வரைக்கும்தான் வதிவிட அனுமதி. கணவனுக்கு இன்னும் பத்திரம் வரவில்லை. வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஈரச் சீமெந்துத் தரையில் எட்டு மணி நேரம் நின்றாள். மீன் தொட்டி தூக்கினாள். ஒரு நாள் கையில் கத்தியோடு மயங்கிச் சரிந்தாள். தாங்கிப் பிடித்தது மங்களேஸ்வரி.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ அக்கா."

பண்ணினாள்.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மேரி தொட்டியைத் தூக்கிவிட்டுச் சுவரோடு சாய்ந்து உதட்டைக் கடிப்பதைக் கண்டாள். கத்தியை வைத்துவிட்டு நேரே மேற்பார்வையாளரிடம் நடந்தாள். அவளிடம் இருந்தது நோர்வேஜிய மொழியில் இருபது சொல். அதில் ஒன்று "பார்ன்", பிள்ளை. "மேரி, பார்ன்" என்று சொல்லித் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அந்த மனிதன் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னான். பிள்ளை அவளுக்கில்லை, மேரிக்கு என்று விளங்கவைக்கப் பத்து நிமிடம் பிடித்தது.

மேரியைக் கத்தி மேசையில் இருந்து பெட்டி ஒட்டும் மூலைக்கு மாற்றினார்கள். பருவம் முடிந்ததும் மறுபடி கூப்பிடவில்லை. வயிறும் சூட்கேசுமாக அவள் ஒஸ்லோவுக்குப் புறப்பட்ட அன்று, விடுதி வாசலில் எல்லோரும் கேட்கச் சொன்னாள்:

"என்ரை வயித்துப் பிள்ளையைக் காட்டிக் குடுத்தவள் இவள்."

பிள்ளை ஜூன் மாதம் ஒஸ்லோவில் சுகமாகப் பிறந்தது. நிலானி என்று பெயர் வைத்தார்கள். மங்களேஸ்வரிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. 1999இல் அவளும் கணவன் இரவீந்திரனும் ஒஸ்லோவுக்கு மாறி, ஸ்டோவ்னரில் வீடு கிடைத்து, பெட்டிகளை ஏற்றும்போது, படிக்கட்டின் இரண்டாம் மாடியில் ஒரு கதவுப் பலகையில் மேரியின் பெயரைக் கண்டாள். அவர்களுடைய வீடு மூன்றாம் மாடி.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். முதல் பெட்டி, கடைசிப் பெட்டி.

4

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் நிலானி. கதைக்கு வேண்டுமென்றே செய்து வைத்தவள் போல இருக்கிறாள். அவளை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். ஒருவரும் கிரேக்கத்துக்குப் போகிறார்கள் இல்லை. ஆகவே அவள் இருக்கட்டும்.

நிலானி ஒன்பது வயதில், தமிழ்ப் பள்ளியில் தேநீர் ஊற்றிக் கொடுத்த மங்களேஸ்வரியிடம் போய், "நீங்களோ எங்கட அம்மா கதைக்காத அன்ரி?" என்று கேட்டவள். "ஓம் பிள்ளை, நான்தான்" என்று இவளும் சொல்லி ஒரு பிஸ்கட் கூடக் கொடுத்தாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகம், மேரிக்குத் தெரியாமல்.

பள்ளியின் கடைசி வருடத்தில் நிலானி வரலாற்றுப் பாடத்துக்கு நெமேயாவைப் பற்றி எழுதினாள். தெற்குக் கிரேக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய சீயஸ் கோயில். பக்கத்தில் மண்ணைத் தோண்டி எடுத்த ஓட்ட மைதானம். பழைய காலத்து விழாவை அங்கே 1996இல் இருந்து நாலு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப நடத்துகிறார்கள். யாரும் ஓடலாம், எந்த வயதும், எந்த நாடும். ஒரே நிபந்தனை, வெறுங்காலோடு, வெள்ளை அங்கி போட்டு ஓட வேண்டும்.

2008 மார்ச்சில், பனி சேறாகிக் கிடந்த ஒரு பின்னேரம், நிலானி மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள்.

"அன்ரி, ஜூனிலை எனக்குப் பதினெட்டு வயசு. எனக்கு என்ன தருவீங்கள்?"

"என்ன வேணும் சொல்லு."

"நெமேயாவிலை நூறு மீற்றர் ஓட வேணும். நான் அங்கை உதவியாளாப் போறன். உங்கட பேரைப் பதிஞ்சிட்டன்."

"உனக்கென்ன விசரோ? எனக்கு ஐம்பத்தொண்டு!"

"நாற்பத்தைஞ்சுக்கு மேலை பெண்களுக்குத் தனி ஓட்டம் இருக்கு."

"கொம்மா?"

"அம்மா வரேல்லை" என்றாள் நிலானி, கண் இமைக்காமல்.

இரவீந்திரன் பேப்பரை இறக்கி, "முழங்காலுக்குக் கட்டுற பட்டி நான் வாங்கித் தாறன்" என்றார். எதிர்ப்பு அவ்வளவுதான்.

கட்டடத்தின் நிலவறையில் பண்ட அறைகளுக்கு நடுவே முப்பது மீற்றர் நீளத்துக்குச் சீமெந்துப் பாதை ஒன்று உண்டு. மங்களேஸ்வரி வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஓடிப் பழகினாள். முதல் நாள் பாதங்கள் திகைத்தன. பதினொரு வருடம் றப்பர் பூட்ஸுக்குள் விறைத்த பாதங்கள் அவை. இரண்டாம் வாரம் பழகிவிட்டன. ஒரு நாள் பாதையின் இரண்டு முனையிலும் சோக்கால் கோடு போட்டிருந்தது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். கோடு வசதியாகத்தான் இருந்தது.

5

விமான நிலையத்தில் அவளுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். மேரியம்மா. தோளில் ஒரு பை. அதில் இருந்து எட்டிப் பார்த்தது, அதே மாதிரி ஒரு முழங்கால் பட்டி.

அதே நிலவறையில் வேறு நேரத்தில் ஓடிப் பழகி, சோக்குக் கோடு போட்டது யாரென்று அந்தக் கணத்தில் விளங்கியது.

இருவரும் நிலானியைப் பார்த்தார்கள். நிலானி கடவுச்சீட்டைப் பார்த்தாள்.

"உங்கட சண்டைக்கும் எனக்கும் ஒரே வயசு" என்றாள் தலையை நிமிர்த்தாமல். "எனக்கு இப்ப வோட்டு இருக்கு. அதுக்கு இல்லை."

இங்கே ஒருத்தி திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படியும் ஒரு பந்தி எழுதினேன், பிறகு கிழித்தேன். உண்மையில் இருவரும் போகாததற்குக் காரணம் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. முதலில் திரும்பிப் போகிறவள் தோற்றவள். ஏதென்ஸ் வரைக்கும் இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. நடுவில் இருந்த நிலானி இரண்டு பக்கத்தில் இருந்தும் மிக்சர் வாங்கிச் சாப்பிட்டாள்.

6

நான் நெமேயாவைக் கண்டதில்லை. நீங்கள் ஒரு பயணக் கட்டுரையை எதிர்பார்த்திருந்தால், மங்களேஸ்வரி ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் கோப்பி குடித்தபடி சொன்னதுதான் என்னிடம் இருக்கிறது. இடிபாடுகளைப் பற்றி அவளிடம் கேட்டேன். "பெரிய சீலா மீனை அரிஞ்சு அப்பிடியே சரிச்சு விட்ட மாதிரிக் கிடக்குது தம்பி" என்றாள். விழுந்த தூண்களைச் சொன்னாள். ஒவ்வொரு தூணும் வட்ட வட்டக் கல்லாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வரிசை குலையாமல் கிடந்ததாம். சில தூண்கள் மட்டும் நிமிர்ந்து நின்றன. இதை விடச் சிறப்பாக ஒரு அறிஞர் எழுதியிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

கோயில் என்று கேட்டதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். தேவையில்லை என்று காவலாளி கையால் காட்டினான். மேரி தூணுக்கு முன்னால் சிலுவைக் குறி போட்டாள். "ஏன் அம்மா, இது வேறை கடவுள்" என்றாள் நிலானி. "கடவுள்மார் தங்களுக்குள்ளை பேசி முடிக்கட்டும்" என்றாள் மேரி.

பிறகு நிலானி அந்த விழா தொடங்கிய கதையைச் சொன்னாள். ஒரு அரசனுக்குக் குழந்தை பிறந்தது. நடக்கத் தொடங்கும் வரைக்கும் நிலத்தில் விடக் கூடாது என்று குறி சொன்னார்கள். ஒரு நாள் தாகத்தோடு வந்த படைவீரருக்குத் தண்ணீர் காட்டுவதற்காக, தாதி குழந்தையைக் காட்டுச் செலரிக் கீரைமேல் கிடத்திவிட்டுப் போனாள். பாம்பு தீண்டியது. அந்தக் குழந்தையின் நினைவாகத்தான் வீரர்கள் ஓடினார்கள். வென்றவனுக்குச் செலரியால் முடி.

"சூப்புக்குப் போடுறதையோ தலையிலை வைக்கினம்?" என்றாள் மேரி.

மங்களேஸ்வரி சிரிக்கவில்லை. மைதான வாசலில் கறுப்பு அங்கியோடு நின்ற நடுவர்களைப் பார்த்தாள். "அவை ஏன் கறுப்பு?"

"அந்தக் குழந்தைக்காகத் துக்கம், அன்ரி. பழங்காலத்திலையும் இப்பிடித்தானாம்."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகுமோ? ஒரு கைக்குழந்தைக்கோ?"

இந்த இடத்தில் நான் நிறுத்தி அவளிடம் கேட்டேன்: இதை எழுதலாமா? கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எழுதும். மறைச்சு வைச்சு என்ன கண்டன்?"

பாட்ஸ்பியோர்டில் முதல் மாரியில், மேரி வருவதற்கு ஒரு வருடம் முன், மங்களேஸ்வரிக்கும் ஒரு கரு தங்கியிருந்தது. அவளும் சொல்லவில்லை, அவளும் தொட்டி தூக்கினாள். நாலாம் மாதம் போய்விட்டது. அடுத்த நாள் வேலைக்குப் போனாள். இரவீந்திரனுக்கு மட்டும் தெரியும். அதற்காக ஒருவரும் கறுப்பு உடுத்தவில்லை. பிறகு பிள்ளையும் தங்கவில்லை.

அன்று மைதான வாசலில் அவள் அந்தக் கறுப்பு அங்கிக்காரர்களைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாளாம். வரவில்லை. "ஆரோ எனக்காகவும் உடுத்தி நிக்கிற மாதிரி இருந்தது தம்பி. மனம் அப்பிடியே லேசாப் போச்சுது."

(புறப்படும் நேரம். கதவு மூட வேண்டும். இந்தப் பந்தியை இப்படியே)

7

வெள்ளை அங்கி முழங்காலுக்குக் கீழே வந்தது. இரண்டு பேரும் அதன்மேல் முழங்கால் பட்டி கட்டியிருந்தார்கள். கிரேக்கரிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாக நிலானியின் கட்டுரையில் இல்லை.

ஓட்டக்காரர் மைதானத்துக்குள் போக ஒரு கல் சுரங்கம். பழைய காலத்து வீரர்கள் காத்திருந்த நேரத்தில் தங்கள் பெயர்களைச் சுவரில் கீறி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பெண்கள் அந்த இருட்டில் வரிசையாக நின்றார்கள். குளிர்ச்சி. வெளியே எக்காளம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். "மங்களேஸ்வரி" என்ற பெயரை அறிவிப்பாளன் மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் வழுக்கினான். நாலாம் தரம் முழுதாகச் சொன்னபோது, புல்மேட்டில் இருந்த சனம் அவனுக்குத்தான் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள் அவள் வெயிலுக்கு ஓடி வந்தாள்.

ஒரு வெண்கலத் தலைக்கவசத்துக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தார்கள். பாதை ஏழு, மங்களேஸ்வரி. பாதை எட்டு, மேரியம்மா. (இதை நான் செய்யவில்லை. நிலானி செய்தாளா என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறாள்.)

தொடக்கக் கல்லில் நீளத்துக்கு இரண்டு வரிக் குழி. அதில் கால்விரல்களைப் பதிக்க வேண்டும். வெயிலில் காய்ந்த கல் சுட்டது. சுடுவது நன்றாக இருந்தது. கறுப்பு அங்கி நடுவர் பிரம்பை உயர்த்தி, பழங்கிரேக்க மொழியில் முழங்கினார்:

"போடா பாரா போடா!"

காலோடு கால் வை என்று பொருளாம். அதை நிலானி சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டாள்.

மங்களேஸ்வரிக்கு முதலில் காது பிழையோ என்று பட்டது. பக்கத்தில் இருந்து ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. மேரியின் தோள் குலுங்கியது.

"ஆரை ஏசுறான் இவன்?" என்றாள் மேரி, முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

"எங்களைத்தான்" என்றாள் மங்களேஸ்வரி, அவளும் முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான். சிரிப்பில் மேரியின் சமநிலை போய்விட்டது. தொடங்கச் சொல்லும் முன்னமே கல்லை விட்டு நாலடி பாய்ந்தாள். பிழைத் தொடக்கம். பழைய விதிப்படி அதற்குத் தண்டனை அடி. நடுவர் வந்து பிரம்பால் அவளுடைய கெண்டைக்காலில் ஒரு தட்டுத் தட்டினார். விளையாட்டுக்குத்தான், ஈ கூட எழும்பாது. சனம் ஆரவாரித்தது.

மங்களேஸ்வரி மட்டும் கல்லை விட்டு இறங்கி நடுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏய்! அவளுக்கு ஏன் அடிக்கிறாய்? கையை எடு!"

சுத்தத் தமிழ். நடுவர் ஒரு அடி பின்வாங்கினார். பிரம்பைக் கூட மறைத்ததாகக் கேள்வி.

"அக்கா, விடுங்கோ" என்றாள் மேரி. "பிழை என்ரைதான்."

(இந்த வசனம் எழுத்தாளன் வைத்தது போல இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். மேரியம்மாவிடமே கேட்டேன். பிழைத் தொடக்கத்தைத்தான் சொன்னாளாம், வேறு ஒன்றையும் இல்லையாம். மாதா மேல் சத்தியம் பண்ணுகிறாள். மங்களேஸ்வரி சிரிக்கிறாள்.)

8

ஓட்டத்தின் முடிவை நான் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்.

ஒன்று. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு சேர்ந்து முடிக்கிறார்கள். இதை வாசித்துக் காட்டியபோது மங்களேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடினா பிறகு ஆர் வெல்லுறது? நாங்கள் வெல்லத்தான் ஓடினனாங்கள். விசர்க் கதை எழுதாதையும்."

இரண்டு. மங்களேஸ்வரி சொல்வது: மேரி ஆறாவது, தான் ஏழாவது. "கடைசிப் பத்து மீற்றரிலை என்னை வெட்டிக்கொண்டு போனாள். நாலு வெட்டுக்காரியெல்லோ!"

மூன்று. மேரியம்மா சொல்வது: அக்கா ஆறாவது, தான் ஏழாவது. "அக்காவின்ரை முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ஓடி முடிச்சனான். நல்லா ஞாபகம் இருக்கு."

முதலாவதாக வந்தது ஒரு கிரேக்க மருந்துக்கடைக்காரி என்பதில் மட்டும் ஒற்றுமை. இருவரும் வெற்றிக்குச் சண்டை போட்டால் எழுத்தாளனுக்கு வழி உண்டு. ஒருத்திக்கு ஒருத்தி ஆறாம் இடத்தை விட்டுக் கொடுத்துச் சண்டை போட்டால் நான் என்ன செய்ய? பழைய முறைப்படி அங்கே வென்றவரின் பெயர் மட்டும்தான் பதிவாகுமாம். நிலானியின் வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கொஞ்சம் நீல வானம். நிலானியின் கால் பெருவிரல். "ஹெர்ரெகுட், கடவுளே! அம்மா! அன்ரி! ஓடுங்கோ!" என்று ஒரு அலறல். பிறகு புல்.

ஆகவே தலைப்பில் உள்ளவள் யார் என்று எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் மங்களேஸ்வரி நிச்சயமாகச் சொன்னாள். ஓடும்போது பாதி வழியில், ஒன்றும் நினைக்காமல் ஓடுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. முன்னால் ஒரு கல், காலுக்குக் கீழே சூடான மண், பக்கத்தில் மேரியின் மூச்சு. வாய் தானாகத் திறந்து சிரித்தது. சிரித்துக்கொண்டு ஓடினால் வேகம் குறையும் என்று தெரிந்தும், மூட முடியவில்லை.

9

முடிந்த பிறகு இருவரும் புல்மேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். நிலானி தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள், வேண்டுமென்றே மெதுவாக. கீழே சிறுவர்களின் ஓட்டம் தொடங்கியது. பாதமெல்லாம் செம்மண். ஒரு பெருவிரலில் தோல் உரிந்திருந்தது, மங்களேஸ்வரி அதைப் பெருமையோடு பார்த்தாள்.

அங்கே வைத்து அவள் சொன்னாள். முதல் மாரியை, நாலாம் மாதத்தை, அடுத்த நாள் வேலைக்குப் போனதை. சத்தியத்தை மீறி மேற்பார்வையாளரிடம் நடந்தபோது எந்தப் பிள்ளையை நினைத்து நடந்தாள் என்பதை. பெரிய கதையாகச் சொல்லவில்லை. நாலு வசனம்.

மேரியம்மா, தண்ணீர்ப் போத்தலோடு தன் மகள் கீழே வெயிலில் நின்று யாரோ ஒரு குழந்தைக்கு அங்கி கட்டி விடுவதைப் பார்த்தாள். பிறகு மங்களேஸ்வரியின் பக்கம் திரும்பி ஒரு வசனம் சொன்னாள்.

என்ன வசனம்?

மங்களேஸ்வரி எனக்கு எல்லாம் சொன்னாள். முழங்கால் பட்டி என்ன நிறம் என்பது வரைக்கும் சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை. "அது எங்களுக்குள்ளை தம்பி" என்றாள். மேரியம்மாவிடம் போனேன். "அக்கா சொன்னவவோ? இல்லையோ? அப்ப நானும் சொல்லமாட்டன்." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். பக்கத்து மேசை நோர்வேஜியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நானாக மூன்று வசனம் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் மேரி மன்னிப்புக் கேட்டாள். அது அவளுடைய குரலாக இல்லை. இரண்டாவதில் நன்றி சொன்னாள். அச்சடித்த வாழ்த்து மடல் போல இருந்தது. மூன்றாவது ஒரு பகிடி. நல்ல பகிடிதான், ஆனாலும் அதைக் கேட்டு ஒருவரும் அழுதிருக்க மாட்டார்கள். மங்களேஸ்வரி அழுததாகவும், உடனே இருவரும் எழும்பிப் போய் ஊருக்குள் ஒரு முழு வத்தகப்பழம் வாங்கி, தெருவோரத்தில் இருந்தே தின்று முடித்ததாகவும் நிலானி சொல்கிறாள். அழுகைக்கும் வத்தகப்பழத்துக்கும் நடுவில் பொருந்தும் வசனம் என்னிடம் இல்லை.

அந்த இடத்தை அப்படியே விடுகிறேன்:

"                                                            "

பதினெட்டு வருடம் நீங்களும் யாரோடாவது கதைக்காமல் இருந்திருந்தால், அதற்குள் என்ன வர வேண்டும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.